அவசரக்கார பாண்டு

யார் வீட்டுக்கு என்ன கடிதம் வருகிறது என்பதைப் பற்றித் தபால்காரன் வெண்டெல் மார்ஷான் ஒருபோதும் வாய் திறக்க மாட்டான். யார் வீட்டுக்குள்ளிருந்து என்ன வாத்தியம் கேட்கிறது என்பது வேறு விஷயம். அது தெருவில் போகிற எல்லோருக்கும் பொது. நியூ ஆர்லியன்ஸின் ட்ரெமே பகுதியில் பதினோரு வருடம் ஒரே தடத்தில் பையைத் தூக்கிக்கொண்டு நடந்ததில், எந்த வீட்டில் எந்த நேரத்துக்கு எந்த வாத்தியம் என்று அவனுக்கு மனப்பாடமாகியிருந்தது. டூமெய்ன் தெருவில் பச்சைக் கதவு போட்ட வீட்டில் காலை பத்தேகாலுக்கு ஒரு ட்ரம்பெட். அதை வாசிப்பவன் உச்ச சுரங்களை ஒரே தாவலில் பிடிப்பான். இறங்கி வரத்தான் அவனுக்குப் பொறுமை கிடையாது. இரண்டு தெரு தள்ளி ஒரு சாண்ட்விச் கடை. மதியக் கூட்டம் கலைந்ததும் அதன் பின்கட்டில் யாரோ சின்ன டிரம்மை உருட்டுவார்கள். மணல் கொட்டுவதுபோல அவ்வளவு சீராக இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீட்டில் ஒரு டிராம்போன், சலவைக் கடை மாடியில் ஒரு கிளாரினெட்.

வெண்டெல் வாசித்தது டியூபா. உடம்பைச் சுற்றி மாட்டிக்கொண்டு, தலைக்கு மேல் பெரிய வாய் விரிந்து நிற்குமே, அந்த வகை. அவன் குடியிருந்தது ஒரு அறைக்குப் பின் ஒரு அறையாக நீண்டு போகும் ஒடுக்கமான வீடு. டியூபாவை மாட்டிக்கொண்டு உள்ளே திரும்ப முடியாது. பின்கட்டில் வாசித்துவிட்டு வாசலுக்குப் பின்னோக்கியே நடந்து வருவான். பதினைந்து வருடம் மற்றவர்களுடைய குழுக்களில் வாசித்தான். அங்கெல்லாம் முன்னால் ஒரு பாடகர் நிற்பார். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தை நிரப்புவதுதான் மற்றவர்களுக்கு வேலை. முப்பத்தாறாவது பிறந்தநாளன்று வெண்டெல் ஒரு முடிவு எடுத்தான். தனக்கென்று ஒரு பாண்டு. அதில் யாரும் பாடக் கூடாது.

தபால் தலை ஒட்டாத தாளைத் தபால் பெட்டிக்குள் போடுவது குற்றம். தபால்காரன் போட்டால் வேலையே போய்விடும். ஆகவே அவன் ஆறு கடிதம் எழுதி, ஆறு தபால் தலை ஒட்டி, அலுவலகத்தில் முத்திரை குத்தவைத்தான். மறுநாள் அவை அவன் பைக்கே வந்து சேர்ந்தன. தானே கொண்டுபோய் ஆறு வீட்டிலும் போட்டான்.

பச்சைக் கதவு வீட்டு ட்ரம்பெட்காரன் பெயர் ராஸ்கோ. துறைமுகத்தில் சரக்கு ஏற்றுபவன், நீண்ட கைகள், கோபம் அதைவிட நீளம். அவன் வாசலிலேயே உறையைக் கிழித்துப் படித்தான்.

"யாருய்யா இந்த வெண்டெல் மார்ஷான்?"

"நான்தான்."

"நீயா? தினம் என் மூஞ்சியப் பாத்துட்டுத்தானே போற? வாயால சொல்றதுக்கென்ன?"

"வேலை நேரத்துல சொந்த விஷயம் பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டு வெண்டெல் அடுத்த வீட்டுக்கு நடந்தான்.

ஆறு பேரும் வந்தார்கள். மேம்பாலத்துக்கு அடியில், தூண்களுக்கு நடுவே, ஞாயிறு மதியங்களில் பயிற்சி. சின்ன டிரம் உருட்டியவன் லூசியன். சாண்ட்விச் கடைச் சமையல்காரன், நல்ல பருமன், நிழலில் நின்றாலும் வேர்த்துக் கொட்டும். முதல் நாளே அவன்தான் கேட்டான்.

"ஏம்ப்பா, ஒரே ஒரு பாட்டுக்கு நடுவுல ஒரே ஒரு வரி நான் பாடிக்கட்டுமா?"

"கூடாது."

"சும்மா 'ஹேய்'னு ஒரு சத்தம்?"

"சர்ச்சுக்குப் போ. அங்க விடுவாங்க."

இரண்டு வருடம் இப்படிப் போனது. கல்யாணம், நண்டு அவிக்கிற விருந்து, மதுக்கடையின் ஆண்டு விழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனார்கள். முதலில் ஒருவர் முடித்த பிறகு இன்னொருவர் என்று தனித்தனியாக வாசித்தவர்கள், மெல்ல மெல்ல ஒருவர் பேச்சில் இன்னொருவர் நுழையக் கற்றுக்கொண்டார்கள். கிளாரினெட் கேட்பான், டிராம்போன் கிண்டலாகப் பதில் சொல்வான், ராஸ்கோ இருவரையும் அதட்டுவான். பெரிய டிரம்மின் தோலில் 'டூமெய்ன் தெரு பாண்டு' என்று எழுதியாயிற்று. ஆனாலும் ஒரு குறை இருந்தது. அவர்களை இன்னும் யாரும் ஒரு சாவுக்குக் கூப்பிடவில்லை. ட்ரெமேயில் கல்யாணத்துக்கு யாரை வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள். பிணத்துக்கு முன்னால் நடக்க மட்டும் ஆளைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

அந்த ஆகஸ்டில் கூரை வேலை செய்கிற அரிஸ்டிட் கையார்ட் எழுபத்தோரு வயதில் இறந்துபோனார். அவர் முப்பது வருடம் உறுப்பினராக இருந்த, உறுப்பினர்களின் இறுதிச் சடங்கைத் தானே ஏற்றுச் செய்யும் சங்கத்தில் ஊர்வலத்தை நடத்திச் செல்லும் பொறுப்பு ஒடீலுக்கு. ஒடீல் நகரப் பேருந்து ஓட்டுகிறவள், வெண்டெலின் அக்கா. சங்கத்தில் நான்கு பேரோடு மல்லுக்கு நின்று தம்பியின் பாண்டுக்கு அந்த வாய்ப்பை வாங்கித் தந்தாள்.

"டேய், உனக்காகப் பேசி வாங்கியிருக்கேன். என் மானத்தை வாங்கிடாதே."

"நீ முன்னால நட அக்கா. நாங்க பின்னால வர்றோம். என்ன ஆயிடப் போகுது?"

ஆனது இதுதான்.

சர்ச்சிலிருந்து கிளம்பும் ஊர்வலம் ஞானப்பாட்டுகளை மெதுவாக, மிக மெதுவாக வாசித்துக்கொண்டு நடக்க வேண்டும். சின்ன டிரம்மின் அடியில் இருக்கும் கம்பிகள் சலசலக்காமலிருக்க ஒரு கைக்குட்டையைச் செருகிவைப்பார்கள். பெருஞ்சாலை முனையில் ஒடீல் சவ வண்டியை நிறுத்துவாள். குடும்பத்தார் கடைசியாகப் பெட்டியைத் தொட்டு விடை கொடுப்பார்கள், வண்டி கல்லறைக்குப் போகும். அது கண்ணுக்கு மறைந்த பிறகுதான் டிரம்காரன் கைக்குட்டையை உருவுவான். அந்தக் கம்பிகளின் சத்தம் கேட்டதும் ட்ரம்பெட் வெடிக்கும். பிறகு ஊரே ஆடிக்கொண்டு வீடு திரும்பும்.

பாதி வழியில் கையார்ட் வீட்டு வாசலில் ஊர்வலம் நின்றது. அவருடைய மனைவி செனோபியா படியேறிப் போனாள். வாசல் கதவை விரியத் திறந்துவைத்து, போகிறவர் தன் வீட்டை ஒருதரம் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு நிமிடம் விடுவது அவள் பிறந்த வீட்டு வழக்கம். ஒடீல் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, பாண்டுக்கு முதுகு காட்டி நின்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது. லூசியனின் புருவத்திலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. எதையும் யோசிக்காமல், டிரம்முக்கு அடியிலிருந்த கைக்குட்டையை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டான். மறு கையில் குச்சி தன்பாட்டுக்கு உருண்டது.

கம்பிகள் சலசலத்தன. ராஸ்கோ கண்ணை மூடி வாசிப்பவன். ட்ரம்பெட் வெடித்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள். டிராம்போன் துள்ளியது, பெரிய டிரம் குதித்தது, பின்னால் வந்த கூட்டத்தில் பாதி, ஆட்டத்துக்கென்றே கொண்டுவந்த குடையை விரித்து ஆடத் தொடங்கியது. மறுபாதி வாயைப் பொத்திக்கொண்டது. சவ வண்டி ஓட்டியவர் துள்ளல் பாட்டைக் கேட்டதும் விடை கொடுத்தாயிற்று என்று நினைத்து வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டார். செனோபியா கதவைத் திறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது தெருவில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. புருஷனைக் காணவில்லை.

கடைசியில் பக்கத்து வீட்டு மீன்காரரின் வண்டியில் ஏறி, இறால் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, கறுப்புத் தொப்பியைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

ஒரு வாரத்தில் ட்ரெமே முழுக்க அவர்களுக்கு 'அவசரக்கார பாண்டு' என்ற பெயர் நிலைத்துவிட்டது. சங்கம் வேறு பாண்டைப் பிடித்துக்கொண்டது. வெண்டெலுக்கு ஒவ்வொரு வாசலிலும் ஒரு குத்தல் காத்திருந்தது.

"என்ன தபாலு, நாளைக்கு வர்ற லெட்டரையும் இன்னைக்கே கொண்டாந்துட்டியா?"

"நான் இன்னும் சாகலப்பா. எனக்கு மெதுவாவே குடு."

இதையெல்லாம் அவன் தாங்கிக்கொண்டான். தாங்க முடியாதது செனோபியா வீட்டு வாசல். அனுதாப அட்டைகள் தினமும் வந்தன. தினமும் அவன்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவள் நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்திருப்பாள். கை நீட்டி வாங்கிக்கொள்வாள். முகத்தைப் பார்க்க மாட்டாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

ஒரு திங்கட்கிழமை அக்கா வீட்டில் சிவப்பு பீன்ஸும் சோறும் தட்டில் ஆறிக்கொண்டிருக்க, வெண்டெல் கரண்டியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"லூசியன் மேல கோவமாடா?" என்றாள் ஒடீல்.

"இல்ல. அவனுக்கு வேர்த்துச்சு, துடைச்சுக்கிட்டான்."

"ராஸ்கோ மேல?"

"அவன் காதுக்குச் சத்தம் கேட்டுச்சு, ஊதிட்டான். நான்தான் அக்கா. நான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். வாயில டியூபா, கத்த முடியாது. ஆனா நான் அந்த மெதுவான சுரத்தையே புடிச்சிக்கிட்டு நின்னிருந்தா, நாலு அடி தாண்டுறதுக்குள்ள எல்லாரும் நின்னிருப்பாங்க. டியூபா நின்னா பாண்டு நிக்கும். நான் நிக்கல. என் காலு ஆடிச்சு. நல்லா இருந்துச்சு அக்கா, அதான் கஷ்டமா இருக்கு."

ஒடீல் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"உங்களுக்கு மெதுவா வாசிக்கத் தெரியல. வேகத்துக்கு நடுவுல மூச்சு வாங்குற இடம்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க. எப்படா விடுவாங்கன்னு ஏழு பேரும் கயித்த அறுத்துக்கிட்டு நிக்கிற மாடு மாதிரிதான் நின்னீங்க. நான் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னாலும் எனக்குத் தெரிஞ்சுது. மொதல்ல சோத்தத் தின்னு."

அடுத்த ஞாயிறு மேம்பாலத்தடியில் வெண்டெல் எல்லோரையும் வாத்தியங்களைக் கீழே வைக்கச் சொன்னான். வெறுங்கையோடு ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நடக்க வேண்டும். ஓர் அடி வைத்து, முழு மூச்சு ஒன்று விட்டு, பிறகுதான் அடுத்த அடி. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவன் முன்னால் நடந்தான். ஆறு வளர்ந்த ஆண்கள் தரையைப் பார்த்துக்கொண்டு ஊர்வதை வேடிக்கை பார்த்த ஒருவர் நின்று கேட்டார்:

"என்னப்பா தேடுறீங்க? சாவியா?"

"எங்க மரியாதையை" என்றான் லூசியன். "இங்கதான் எங்கயோ விழுந்துச்சு."

மூன்றாவது ஞாயிறு ராஸ்கோ ட்ரம்பெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.

"நான் ஊதறதுக்கு வந்தேன். நத்தை மேய்க்க வரல."

போய்விட்டான். வெண்டெல் தடுக்கவில்லை. ஆனால் டூமெய்ன் தெருவில் பத்தேகால் பயிற்சி நிற்கவில்லை. பச்சைக் கதவுக்குப் பின்னால் அதே ஞானப்பாட்டு கேட்டது. முதல் நாள் அவசரமாக. அடுத்த நாள் கொஞ்சம் குறைவான அவசரத்தோடு. பத்து நாள் கழித்து ஒரு காலையில் வெண்டெல் கையில் மின்கட்டணச் சீட்டோடு அந்த வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே ட்ரம்பெட் உச்சத்திலிருந்து ஒவ்வொரு படியாக, ஒவ்வொன்றிலும் நின்று, கீழே இறங்கி வந்துகொண்டிருந்தது. அடுத்த ஞாயிறு ராஸ்கோ வந்தான். எல்லோரும் நகர்ந்து இடம் விட்டார்கள். லூசியன் மட்டும், "வாங்க நத்தையாரே" என்றான்.

கூப்பிடுவார் இல்லாவிட்டாலும் ஞாயிறு தவறாமல் வாசித்தார்கள். மெதுவாக வாசிக்க வாசிக்க, ஒருவர் சுரம் இன்னொருவர் சுரத்தின்மேல் சாய்ந்து நிற்பது அவர்களுக்கே காதில் விழத் தொடங்கியது. பெரிய டிரம்மில் இருந்த பழைய பெயரை அழித்துவிட்டு லூசியன் தன் கையாலேயே 'அவசரக்கார பாண்டு' என்று எழுதினான். எப்படியும் அதைச் சொல்லித்தானே கூப்பிடுகிறார்கள் என்றான்.

அக்டோபரில் ஒருநாள் செனோபியா கடிதங்களை வாங்கிக்கொண்டு, முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"எத்தனை அட்டை கொண்டாந்து குடுத்திருக்கே இதுவரைக்கும்?"

"நூத்துக்கு மேல இருக்கும்மா."

"ஒண்ணுலயாவது உன் பேரு இருக்கா?"

"என்ன எழுதறதுன்னு தெரியலைங்கம்மா. ஒன்பது தடவை எழுதிக் கிழிச்சேன்."

"எழுத வேண்டாம். சனிக்கிழமை காலைல உன் ஆளுங்களக் கூட்டிக்கிட்டு சர்ச்சு வாசலுக்கு வா. அங்கேயிருந்து என் வீடு வரைக்கும் நடக்கணும். அன்னைக்கு என் வாசல் வரைக்கும்தான் வந்தோம். கதவைத் திறந்து வெச்ச அந்த ஒரு நிமிஷத்தை நீ கெடுத்துட்டே. பெட்டி இல்லாட்டிப் பரவால்ல, நான் இருக்கேன், நான் நடப்பேன். நான் வாயைத் திறந்து சொல்ற வரைக்கும் ஒருத்தனும் துள்ளக் கூடாது. துள்ளினீங்க, எங்க சங்கத்துல எந்தச் சாவுக்கும் உங்க நிழல்கூட விழாது. நான் சொன்னா சங்கம் கேக்கும்."

"வர்றோம்மா."

"உன் அக்காவையும் கூப்பிடு. இந்தத் தடவை திரும்பி நின்னு பாக்கச் சொல்லு."

சனிக்கிழமை காலை சர்ச் வாசலில் எதிர்பார்த்ததைவிடப் பத்து மடங்கு கூட்டம். சங்கம் முழுக்க வந்திருந்தது. சங்கத்தைச் சேராதவர்களும் வந்திருந்தார்கள், அவர்கள் கையில் சாண்ட்விச் பொட்டலம் இருந்தது. எந்த இடத்தில் கவிழ்கிறார்கள் என்று பார்க்கத்தான்.

ஒடீல் தொப்பியை நெஞ்சில் வைத்து ஓர் அடி எடுத்துவைத்தாள். பாண்டு நடந்தது. செனோபியா, சவ வண்டி இருக்க வேண்டிய இடத்தில், தனியாக நடந்தாள். அவளுக்கு முன்னும் பின்னும் ஒரு வண்டி நீளத்துக்கு எல்லோரும் இடம் விட்டிருந்தார்கள்.

முதல் தெருவில் யாரோ, "இதோ வருது பாரு, இப்ப வரும்!" என்று கத்தினார்கள். வரவில்லை. இரண்டாவது தெருமுனையில் குடைகளோடு நின்றவர்கள் கைதட்டித் தாளம் போட்டுச் சீண்டினார்கள். ராஸ்கோவின் தோள் மெல்ல மேலே ஏறுவதை வெண்டெல் பார்த்தான். அது எதற்கு முந்தைய ஏற்றம் என்று அவனுக்குத் தெரியும். அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, கீழ் சுரத்தை வழக்கத்தைவிட நீளமாக இழுத்துப் பிடித்தான். தெருவில் நின்றவர்களின் பாதத்துக்கடியில் தரை அதிர்ந்திருக்கும். ராஸ்கோவின் தோள் இறங்கியது. கைதட்டல் தானாக நின்றது.

செனோபியா வீட்டு வாசல் வந்தது. அவள் படியேறினாள், கதவை விரியத் திறந்தாள். ஒரு நிமிடம் நிற்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் உள்ளே போய், முன்னறையில் கணவர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

பாண்டு வாசித்தது. ஞானப்பாட்டு முடிந்தது, மறுபடி தொடங்கியது. ஐந்து தடவை, ஆறு தடவை. ராஸ்கோவின் உதடு விட்டுப்போயிற்று. கிளாரினெட் அவன் கையிலிருந்து பாட்டை வாங்கிக்கொண்டான், பிறகு டிராம்போன். மாற்றிக்கொள்ள மற்றவர்களுக்கு ஆள் இருந்தது, டியூபா ஒன்றே ஒன்று. வெண்டெலின் தோள்பட்டையில் பித்தளை அறுத்தது, கன்னம் மரத்துப்போனது. லூசியனின் முகம் மழையில் நனைந்ததுபோல இருந்தது. கண்ணைச் சிமிட்டிக்கொண்டே டிரம்மைத் தொட்டுத் தொட்டு அடித்தான். சாண்ட்விச் பொட்டலங்களை யாரும் பிரிக்கவில்லை. சீண்ட வந்தவர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். உள்ளே அவள் நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. என்ன பேசினாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. வாத்தியங்கள் அதற்கு மேலே ஒரு போர்வைபோல விரிந்திருந்தன.

இருபத்தைந்து நிமிடம் கழித்து அவள் வெளியே வந்தாள். முகத்தைத் துடைத்திருந்தாள். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் கடைசிப் படியில் நின்றாள்.

"சரி, இப்ப" என்றாள்.

பாண்டு மெதுவாகவே வாசித்துக்கொண்டிருந்தது. லூசியன் ராஸ்கோவைப் பார்த்தான். ராஸ்கோ வெண்டெலைப் பார்த்தான். வெண்டெல் அக்காவைப் பார்த்தான். நிஜமாகத்தான் சொன்னாளா, சோதிக்கிறாளா? யாருக்கும் தைரியம் வரவில்லை. இன்னும் ஒரு வரி, மெதுவாக, போயிற்று.

செனோபியா இடுப்பில் கை வைத்தாள்.

"காது அடைச்சுப்போச்சா? இப்பன்னு சொன்னேன்! அந்த மனுஷன் வாழ்நாள் பூரா எதுக்கும் காத்திருந்ததில்ல, ஊதுங்கடா!"

வெண்டெல்தான் முதலில் துள்ளினான். கீழ் சுரம் இரண்டு, பிறகு நான்கு. லூசியன் கைக்குட்டையை உருவி எங்கோ எறிந்தான். ராஸ்கோ வெடித்தான். தெரு ஒரு குலுக்குக் குலுங்கியது. ஒடீல் தொப்பியைத் தலைக்கு மேலே சுழற்றினாள். செனோபியா பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி, நடுத்தெருவில், மீன்காரரோடு ஆடினாள்.

ஆட்டம் ஓய்ந்து, வாசலில் பெரிய பாத்திரத்தில் இறால் சோறு பரிமாறும்போது, அவள் சங்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி ஒடீலிடம் சொன்னாள்:

"இனிமே நம்ம சங்கத்துல யார் போனாலும் இவங்கதான் வாசிக்கணும். வேற பாண்டு கூட்டியாந்தா நான் வர மாட்டேன்."

வெண்டெல் டியூபாவைக் கழற்றித் தரையில் வைத்தான். தோள் விண்விண்ணென்று தெறித்தது. சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்து யார் என்ற கேள்வி அங்கிருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் எழுந்திருக்க வேண்டும். பல தலைகள் திரும்பின. சங்கத்தின் மூத்த உறுப்பினர், தொண்ணூற்றிரண்டு வயது மிஸ்டர் தெலெஸ்ஃபோர், தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"எல்லாரும் என்னை ஏன்டா பாக்குறீங்க?"

அவர் கரண்டியை வெண்டெல் பக்கம் நீட்டினார்.

"டேய் தபாலு, முன்கூட்டியே சொல்லிடறேன். இன்னைக்கு வாசிச்ச மாதிரி அவ்வளவு மெதுவா எனக்கு வேண்டாம். கால் வலிக்கும்."

"உங்களுக்கு எதுக்கு வலிக்கும் ஐயா?" என்றான் வெண்டெல். "நீங்க வண்டியிலதானே வருவீங்க?"